வெளியே போவது நிறம் மட்டும்

பச்சையாகத்தான் எரிந்துகொண்டிருந்தது. சுகிர்தம் விழுந்த நொடியிலும் பச்சை, வலி இடுப்பில் கிளம்பித் தொடை வழியே முழங்கால்வரை போய்த் திரும்பி வந்த பிறகும் பச்சை, இப்போது மூச்சைத் துண்டு துண்டாக இழுத்துக்கொண்டு கூடத்துத் தரையில் ஒருக்களித்துக் கிடக்கையிலும், டிவிக்குப் பக்கத்தில் சாப்பாட்டு டப்பா அளவில் உட்கார்ந்திருக்கும் அந்தப் பெட்டியின் நெற்றியில் அதே பச்சை. நம்ப முடியவில்லை. ஒரு மனுஷி விழுந்து கிடக்கிறாள், இதற்கென்றே வாங்கி வைத்த சாமான் சும்மா பார்த்துக்கொண்டிருக்கிறது. பார்த்துக்கொண்டிருக்கிறது என்பதும் தப்பு, அதற்குக் கண் கிடையாது. பார்ப்பது மேலே, சுவரும் கூரையும் சேரும் மூலையில் ஒட்டியிருக்கிற வெள்ளைத் தட்டு. அதுவும் முகம் பார்க்காது, உருவத்தை மட்டும் பார்க்கும். நிற்கிறதா, நடக்கிறதா, கிடக்கிறதா. கிடக்கிறது என்று இந்நேரம் பெட்டிக்குச் சொல்லியிருக்கும். பெட்டியும் யோசித்திருக்கும். மத்தியானம், கூடம், மின்விசிறிக்குக் கீழே, தரையில் சுகிர்தம். வழக்கம்தானே, தினமும் இப்படித்தானே கிடக்கிறாள். பின்வாசலில் காகம் கத்தியது. அந்தக் காகத்தால்தான். சாப்பிட்டுவிட்டு, தலையணையை மட்டும் போட்டு, மொசைக் தரையின் குளிர்ச்சியில் முதுகை ஒட்டவிட்டுக் கண் அசந்த நேரம், காயப்போட்டிருந்த கூழ்வற்றல் மேல் சிறகு அடிக்கும் சத்தம் கேட்டது. வேட்டியில் பிழிந்து காலையெல்லாம் இடுப்பொடிந்து செய்த வற்றல். சூ என்றபடி எழுந்தாள், எழுந்த வேகத்தில் கண் இருட்டியது, சேலைக் கரை பெருவிரலில் மாட்டியது. எழுந்த இடத்திலேயே விழுந்தாள். ஓரடி தள்ளி விழுந்திருக்கக் கூடாதா. இடுப்பில் என்னமோ முறிந்தது, காய்ந்த முருங்கைக் கொப்பு முறிகிற மாதிரி, சத்தம்கூடப் பெரிதாக இல்லை. இப்போது காகம் சாவகாசமாகத் தின்றுகொண்டிருக்கிறது. கொத்துகிற சத்தம் கேட்கிறது, கொத்து, கொத்து, நிறுத்தம், இன்னொரு காகத்தைக் கூப்பிடுகிற குரல். கூப்பிட்டால் வருகிறதுகள்.

அவளும் கூப்பிட்டுப் பார்த்தாள். காந்திமதி, காந்திமதி என்று. குரல் தரையோடு தரையாகப் போய்ச் சுவரில் முட்டித் திரும்பிவந்தது. வெயிலுக்குப் பயந்து சன்னலெல்லாம் அடைத்து வைத்திருக்கிறாள். பாளையங்கோட்டை வெயில், மே மாதம், தெருவில் நாய்கூட இருக்காது. பக்கத்து வீட்டுக் காந்திமதி இந்த நேரம் சீரியல் முன்னால் உட்கார்ந்திருப்பாள், சத்தத்தைக் கூட்டிவைத்து. சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ ஒரு மாமியார் அழுவது இங்கே தெளிவாகக் கேட்கிறது. தன் குரல் அந்தப் பக்கம் போகாதா. போகாது, இவள் அழவில்லையே, கூப்பிடத்தானே செய்தாள், அதுவும் எப்போதும் பேசுகிற மரியாதைக் குரலில். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பது வருஷம் பேசிப் பேசிப் படிந்த குரல், உரக்கப் பேசாதே, தெளிவாகப் பேசு என்று பழக்கிய குரல். கத்துவதற்கு வேறு தொண்டை வேண்டும். இன்னொரு தடவை மூச்சைக் கூட்டினாள், மூச்சு இடுப்பைத் தொட்டது, கண்ணுக்குள் வெள்ளையாக எதுவோ வெடித்தது. வேண்டாம். போன் சாப்பாட்டு மேசைமேல் இருக்கிறது. கையில் கட்டுகிற பட்டை பெட்டிக்குப் பக்கத்திலேயே சார்ஜில் கிடக்கிறது. கையில் இருந்திருந்தால் நாடி அடிக்கிற அடியை வைத்தாவது பெட்டிக்கு விளங்கியிருக்கும். வேர்க்குரு வருகிறது, மத்தியானத்துக்கு மட்டும் கழற்றி வைக்கிறேனே என்று கேட்டு வாங்கியதும் இவள்தான். எல்லாம் இவள் கேட்டு வாங்கியதுதான்.

கருவியை மாட்ட வந்தவர் தொந்தி வைத்த நடுவயசுக்காரர், பொறுமைசாலி. பேரம் பேசிக் காய்கறி வாங்குவதுபோல அவரிடம் ஒவ்வொன்றாகப் பேசினாள். கேமரா கூடாது என்றாள். சரி மேடம். காது கூடாது என்றாள். அவருக்குப் புரியவில்லை. பேச்சைக் கேட்கிற எதுவும் என் வீட்டில் இருக்கக் கூடாது, அடுத்தவர் பேச்சு காதில் விழுந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும், அதை வைத்துத்தான் சம்பளம் வாங்கினேன் என்றாள். உண்மைக் காரணத்தைச் சொல்லவில்லை. கணவர் ஆசீர் இறந்துபோன பிறகும் அவள் தனியாக இருக்கும்போது அவரோடு பேசுகிறாள், குழம்பில் உப்புப் பார்க்கச் சொல்கிறாள், எதிர்வீட்டுக்காரனைத் திட்டுகிறாள், அதையெல்லாம் ஒரு பெட்டி கேட்கலாமா. அவர் கேமராவையும் காதையும் எடுத்துவிட்டார். மிச்சம் இந்த வெள்ளைத் தட்டு, கட்டிலுக்கடியில் ஒரு மெல்லிய விரிப்பு, கதவிலும் பிரிட்ஜிலும் பொத்தான் மாதிரி ஒன்றொன்று, கைப்பட்டை. எல்லாம் பெட்டிக்குச் சொல்லும், பெட்டி யோசிக்கும். நெட் போனாலும் இதுவே யோசித்துக்கொள்ளும் மேடம், கரண்ட் போனாலும் பேட்டரி இருக்கிறது, கணக்கெல்லாம் உங்கள் வீட்டுக்குள்ளேயே முடிந்துவிடும், வெளியே போவது நிறம் மட்டும்தான் என்றார். பச்சை என்றால் வழக்கம். மஞ்சள் என்றால் வழக்கம் தப்பியிருக்கிறது, மகளுக்கு ஒரு சேதி போகும். சிவப்பு என்றால் ஆபத்து, மகளுக்கும் பக்கத்து வீட்டுக்கும் ஆம்புலன்சுக்கும் மணி அடிக்கும். வெளியே போவது நிறம் மட்டும். அந்த வாக்கியம் அவளுக்குப் பிடித்திருந்தது. மனுஷரும் அப்படித்தானே, உள்ளே எவ்வளவோ கணக்கு நடக்கிறது, கேட்டால் நல்லா இருக்கேன் என்கிறோம்.

முதல் வாரம் கூத்துத்தான், நல்லவேளை ஆம்புலன்சை இன்னும் அதோடு சேர்த்திருக்கவில்லை. மத்தியானம் தரையில் படுத்தாளோ இல்லையோ, விழுந்துவிட்டாள் என்று பெட்டி அலற ஆரம்பித்துவிடும். தரையில் கிடக்கிற ஆளெல்லாம் விழுந்த ஆள் என்று அதற்கு யாரோ எங்கேயோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள், கட்டிலைத் தவிர வேறெங்கும் முதுகு சாய்க்காத ஊர்க்காரர்கள். காந்திமதி கையில் தோசைக் கரண்டியோடு சாவி போட்டுத் திறந்து ஓடிவந்தாள். "எக்கா, உங்க பெட்டி கெடந்து அலறுது, நீங்க காலாட்டிட்டுப் படுத்திருக்கியளே." "படுத்துத்தான் இருக்கேன் காந்திமதி, செத்துப் போவல." "கட்டில் எதுக்குக் கெடக்கு அந்த ரூமுல? இனிமே படுக்கதுக்கு முன்னால எனக்கு ஒரு வார்த்த சொல்லிட்டுப் படுங்க, அடுப்ப அணைச்சுட்டாது வாரேன்." மறுநாளும் வந்தாள், அதற்கு அடுத்த நாள் கரண்டி இல்லாமல் மெதுவாக வந்தாள், அதற்குப் பிறகு வாசலில் நின்றே எட்டிப் பார்த்தாள். தொந்திக்காரரைத் திரும்ப வரவழைத்தார்கள். அவர் சாக்பீஸால் தரையில் கட்டம் போட்டார், மின்விசிறிக்குக் கீழே, சோபாக்காலிலிருந்து மரஅலமாரிவரை, சின்னப்பிள்ளைகள் பாண்டி விளையாடப் போடுகிற கட்டம் மாதிரி. இந்தக் கட்டத்துக்குள் மத்தியானத்தில் கிடந்தால் விழுந்ததாக எடுத்துக்கொள்ளாதே என்று பெட்டிக்குப் பாடம் நடந்தது. ஆனால் அதைச் சரி என்று ஒத்துக்கொள்ள மகள் தன் போனில் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். ஹெப்சி பெங்களூரிலிருந்து அழுத்தினாள். அழுத்திவிட்டுக் கூப்பிட்டாள். "வழக்கம்னு போட்டுட்டேம்மா. இனி மத்தியானம் அந்த எடத்துல நீ எவ்வளவு நேரம் கெடந்தாலும் அது வாயத் தெறக்காது. நிம்மதியாத் தூங்கு." அந்தக் குரலில் இருந்த சந்தோஷம். அம்மாவுக்குத் தூக்கம் வாங்கிக் கொடுத்துவிட்ட சந்தோஷம். சாக்பீஸ் கோட்டை அன்றைக்கே ஈரத்துணியால் துடைத்துவிட்டாள் சுகிர்தம். தரையில் இப்போது ஒன்றும் இல்லை. ஆனால் கோடு இருக்கிறது.

எக்ஸ்சேஞ்சில் விளக்கு எரிந்தால் ஆள் இருக்கிறது என்று அர்த்தம். பலகை முழுக்கச் சின்னச் சின்ன விளக்கு, ஒன்று எரிந்தால் அதற்குப் பின்னால் ஒருத்தர் ரிசீவரைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறார், கல்யாணச் சேதி, சாவுச் சேதி, ஒன்றுமில்லாத சேதி. வயரை எடுத்துச் சொருகி நம்பர் சொல்லுங்க என்றால் விளக்கு அணையும். ஒரு தரம் சொருகினதும் பேச்சே வரவில்லை, மூச்சு மட்டும், ஓடிவந்த மாதிரி மூச்சு. பேசுங்க, பேசுங்க என்றாள். மேற்பார்வைக்காரி முதுகுக்குப் பின்னால் நின்று முறைத்தாள், இவள் வயரைப் பிடுங்கவில்லை. கடைசியில் ஒரு பெண்குரல், ஒண்ணுமில்ல என்றது. வைத்துவிட்டது. யாரவள். ஒண்ணுமில்ல என்று சொல்லவா அவ்வளவு நேரம் மூச்சு வாங்கினாள். இந்தப் பெட்டியின் விளக்கு நேர்மாறு. எரிந்துகொண்டே இருந்தால் யாருக்கும் எதுவும் தேவையில்லை என்று அர்த்தம். பெட்டி வருவதற்கு முன்னால் ஹெப்சி தினமும் கூப்பிடுவாள். சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா, கால் வீக்கம் எப்படி இருக்கு. பதில் சொல்லிச் சொல்லி அலுத்து, எட்டி, உனக்கு வேலை இல்லையா என்று இவளே சலித்துக்கொள்வாள். பெட்டி வந்த பிறகு அந்தக் கேள்விகளுக்குத் தேவை இல்லாமல் போயிற்று. தினமும் என்பது ஒன்றுவிட்டு ஒரு நாள் ஆயிற்று, பிறகு ஞாயிறு கோயில் முடிந்து வீட்டுக்கு வந்ததும் என்று ஆயிற்று. ஏன் கூப்பிடவே இல்லை என்று ஒரு தரம் விளையாட்டுப் போலக் கேட்டாள். நீ பச்சையாத்தானே இருந்தேம்மா, காலைல எந்திச்சதும் ஒன்னத்தான் பாப்பேன் என்றாள் ஹெப்சி. என்னையா, எப்படி. போன்லதாம்மா, ஒரு பச்சைப் புள்ளியா இருக்கே.

நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பிரிட்ஜ் உறுமித் தணிந்தது, உள்ளே தண்ணீர் இருக்கிறது, மோர் இருக்கிறது. தரையின் குளிர்ச்சி, கொஞ்சம் முன்னால் எவ்வளவு இதமாக இருந்தது, இப்போது எலும்புக்குள் இறங்கிக்கொண்டிருக்கிறது. காலை அசைக்க நினைத்தாள். நினைப்பு போயிற்று, கால் அசையவில்லை. பாதம் வெளிப்பக்கமாகச் சாய்ந்து வேறு யாருடையதோ போலக் கிடந்தது. ஜெபம் பண்ணலாம் என்று கண்ணை மூடினாள். ஆண்டவரே என்றதும் வற்றல் நினைவு வந்தது. ஆண்டவரே, காகம். சிரிப்பு வந்தது, சிரிக்கவும் முடியவில்லை. மஞ்சள் வரும். காப்பி நேரம் தாண்டியும் அடுக்களையில் நடமாட்டம் இல்லை என்றால் பெட்டிக்குச் சந்தேகம் வரும், மஞ்சள் காட்டும், ஹெப்சிக்குச் சேதி போகும். ஆனால் போன மாதம் இரண்டு தரம் அசந்து தூங்கி மஞ்சள் வந்து, ஹெப்சி பாதி மீட்டிங்கில் எழுந்து வந்து பதறிக் கூப்பிட்டு, இவள் கொட்டாவி விட்டுக்கொண்டு எடுத்தாளே. தூங்கிட்டேன், ஒண்ணுமில்ல. அன்றைக்கே ஹெப்சி சொல்லிவிட்டாள், இனி மஞ்சளுக்கெல்லாம் ஓட மாட்டேன், சாயங்காலம் வேலை முடிஞ்சு பாப்பேன் என்று. அப்படியே செய் என்றாள் இவளும். சாயங்காலம். அதுவரை இப்படியே கிடந்தால் என்ன ஆகும். ரத்தம் உள்ளே கசியும் என்பார்கள். எதிர்வீட்டு வாத்தியார் சம்சாரம் ராத்திரி விழுந்து, காலையில்தான் கண்டுபிடித்து, அந்த வாரமே போய்ச் சேர்ந்தாள். கையைத் தூக்கி ஆட்டினாள், வெள்ளைத் தட்டு அதைப் பார்த்ததா, பார்த்தால் என்ன, தூக்கத்தில் கை அசைவதும் வழக்கம்தான்.

ஒரு வழி இருக்கிறது. விழுந்த மறுநிமிஷமே தெரிந்துவிட்டது, தெரியாததுபோல இவ்வளவு நேரம் கிடக்கிறாள், காகத்தையும் எக்ஸ்சேஞ்சையும் நினைத்துக்கொண்டு. கோட்டைத் தாண்டினால் போதும். சோபாக்காலுக்கு அந்தப் பக்கம், அடுக்களை நிலைப்படியை நோக்கி, அங்கே தரையில் கிடந்தால் அது வழக்கம் இல்லை, விழுந்ததுதான். பெட்டி சிவப்பு காட்டும். மணி அடிக்கும். ஆனால் சிவப்பு என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியும். பெட்டியை மாட்டிய அன்றைக்கே ஹெப்சி சொன்னது. "ஒன் பேச்சக் கேட்டு ஒன்ன இங்க தனியா விட்டுட்டுப் போறேன். ஆனா நெசமா ஒரே ஒரு செகப்பு வரட்டும், பொறவு ஒண்ணும் கேக்க மாட்டேன். வீட்டப் பூட்டிட்டு என்கூட வந்துரணும்." சரி என்று தலையாட்டியிருந்தாள். பெங்களூரில் அந்தப் பதினோராவது மாடி. சன்னலைத் திறந்தால் இன்னொரு சன்னல். காலையில் எல்லோரும் போன பிறகு லிப்ட் ஏறி இறங்குகிற சத்தம். போன தடவை ஒரு வாரம் இருந்தாள், குழம்பில் உப்புப் பாருங்க என்று ஒரு நாளும் வாய் வரவில்லை, ஆசீர் அந்த வீட்டுக்கு வரமாட்டார், அவருக்கு அந்த வீடு தெரியாது. இங்கேதான் இருக்கிறார், அலமாரியில் அவர் மூக்குக்கண்ணாடியும் பாட்டுப் புத்தகமும், வாசல் படியில் அவர் செருப்பு தேய்ந்த இடம். இப்படியே பச்சைக்குள் கிடந்துவிட்டால் எங்கும் போக வேண்டாம். யாருக்கும் தெரியாது. வலிகூட ஒரு மாதிரி மரத்து வருகிறது. மின்விசிறி சுற்றுகிறது. தூங்குகிறாள் என்று பெட்டி சொல்கிறது. தூங்கிவிட்டால் பெட்டி சொன்னது பொய்யாகாது.

கண் சொருகியது. ஆஸ்பத்திரி வாசம் வந்தது, டெட்டால், கசங்கிய ஆரஞ்சுத் தோல். ஆசீர் படுத்திருக்கிறார், தலைமாட்டில் திரை, திரையில் பச்சைக் கோடு மேலே போய்க் கீழே வருகிறது, பக்கத்தில் எண்கள். அந்த எண் குறையாம இருந்தாப் போதும்மா என்று நர்ஸ் சொல்லிவிட்டுப் போனாள். அதனால் எண்ணையே பார்த்தாள். கண் எடுக்காமல் பார்த்தாள், பலகையில் விளக்கு பார்க்கிற மாதிரி. அது ஒரு புள்ளி குறைந்தால் ஆண்டவரே என்றாள், ஏறினால் உயிர் வந்தது. நல்லாத்தான் இருக்கு, நல்லாத்தான் இருக்கு என்று அவர் கையைத் தடவிக்கொண்டே திரையிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். எதற்கோ திரும்பினாள். அவர் இவளையே பார்த்துக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தாரோ. ஏதோ சொல்ல வந்த வாய், கொஞ்சம் திறந்தபடி. அந்தப் பார்வையில் அப்போதே ஆள் இல்லை. திரையில் எண் அப்போதும் நன்றாகத்தான் இருந்தது, அதற்குப் பிறகுதான் அதற்கே தெரிந்து இறங்க ஆரம்பித்தது. இன்றைக்கும் கண்ணை மூடினால் அந்த எண்தான் வருகிறது. முகம் வருவதற்கு நேரம் ஆகிறது.

ஹெப்சிக்கு அதுகூட வராது. இந்த நினைப்பு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, குளிர்ந்த தண்ணீர் முகத்தில் அடித்த மாதிரி வந்தது. சாயங்காலம் வேலை முடிந்து மஞ்சளைப் பார்ப்பாள், கூப்பிடுவாள், எடுக்க ஆள் இருக்காது. பிறகு எல்லாம் தெரியவரும். மத்தியானமெல்லாம் பச்சை. அம்மா இடுப்பு முறிந்து கிடந்த நேரமெல்லாம் பச்சை. அந்தக் கட்டத்துக்குள் கிடந்தாள், வழக்கம் என்று நான்தானே பொத்தானை அழுத்தினேன், நிம்மதியாத் தூங்கு என்று நான்தானே சொன்னேன். நாற்பத்திரண்டு வயசுப் பெண், இன்னும் எத்தனை வருஷம் இருக்கிறது அவளுக்கு, காலையில் எழுந்ததும் போனைத் திறப்பாள், புள்ளி இல்லாத இடத்தைப் பார்ப்பாள். சிக்னலில் பச்சை விழும், பின்னால் வண்டிகள் ஹாரன் அடிக்கும், அவள் நகராமல் நிற்பாள். வேண்டாம். இந்தச் சுமை வேண்டாம் அந்தப் பிள்ளைக்கு. எனக்கு ஒரு எண் போதும், அவளுக்கு ஒரு நிறம் வேண்டாம். வீடு போனால் போகட்டும்.

முழங்கையை ஊன்றினாள். தரையைப் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை, மொசைக் வழுக்கியது, உள்ளங்கை வியர்வையில் வழுக்கியது. சோபாக்காலைப் பிடித்தாள். இழுத்தாள். வலி என்று இதுவரை நினைத்திருந்ததெல்லாம் வலி இல்லை. சத்தம் வந்தது தொண்டையிலிருந்து, தெளிவில்லாத, மரியாதையில்லாத சத்தம், தன்னுடையது என்று அவளுக்கே தெரியாத சத்தம். கால் பின்னாலேயே வந்தது, வரமாட்டேன் என்கிற பிள்ளையைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவதுபோல. நின்றாள். கன்னத்தைத் தரையில் வைத்தாள். கோடு எங்கே. இங்கேதான் துடைத்தாள், இந்தக் கறுப்புக் கல் பக்கத்தில், கடைசியில் ஒரு இழுப்பு துணியில் படாமல் இருந்து நகத்தால் சுரண்டினாள். இன்னும் கொஞ்சம். ஆசீரே, பார்த்துக்கோங்க, வீட்டைப் பார்த்துக்கோங்க. தோள் தாண்டியது. மார்பு தாண்டியது. இடுப்பைத் தாண்டவைக்க வேண்டும். பல்லைக் கடித்தாள், பல்செட் நழுவியது, கண்ணீர் மூக்கு வழியாக இறங்கி உப்புக் கரித்தது, இழுத்தாள், அடுக்களை நிலைப்படியின் மரம் விரலில் பட்டது.

அப்படியே கிடந்தாள். தலையைத் திருப்பிப் பார்த்தாள். பச்சை. இன்னும் பச்சை. எழுந்திருக்கிறாளா என்று பார்க்கிறது போலும், அதற்குக் கொஞ்ச நேரம் கொடுத்திருப்பார்கள். எழுந்திருக்க மாட்டேன் என்று அதனிடம் சொன்னாள், காது இல்லாத அதனிடம். காகம் போய்விட்டிருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் மாமியார் இன்னும் அழுதுகொண்டிருந்தாள். பச்சை போய் ஒரு கணம் எதுவுமில்லாமல் இருந்தது, பிறகு தரையெல்லாம் சிவந்தது, மொசைக்கின் சின்னச் சின்னக் கல் ஒவ்வொன்றும் சிவந்தது, பெட்டி அலற ஆரம்பித்தது. அந்தப் பக்கம் டிவி சட்டென்று நின்றது. எக்கா, எக்கா என்று குரல், சாவிக்கொத்து கீழே விழுகிற சத்தம், குனிந்து எடுக்கிற மூச்சு. மேசைமேல் போன் அடித்தது. கையெட்டாத உயரத்தில், அதிர்ந்து அதிர்ந்து தானாகவே மேசை விளிம்பை நோக்கி நகர்ந்து வந்தது. பேசுங்க, பேசுங்க என்றாள் சுகிர்தம், உதடு மட்டும் அசைய. ஹெப்சிதான். இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமைகூட இல்லை.